இன்னொருத்தன் எங்கே?

வாருங்கள். முன்வரிசையில் உங்களுக்கென்று போட்டிருக்கும் மெத்தை நாற்காலியை விட்டு எழுந்து வாருங்கள். நகர மன்றத்தின் பக்கக் கதவைத் திறந்து, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, ஈரம் உலராத சந்து வழியாகச் சலவை ஆலையின் பின்கட்டுக்கு வாருங்கள். மூக்கைப் பொத்த வேண்டாம். அங்கே நாறுவது உங்கள் துணிதான்.

ஒரு மாலையில் ஊரே கூடி அமர்ந்து, ஒரு நோயாளியின் முதுகில் விழுந்த பிரம்படிக்கு வயிறு குலுங்கச் சிரித்தது. அடித்தவருக்குப் பூச்செண்டு கிடைத்தது. அடிபட்டவனுக்கு மறுநாள் காலை வீதி கிடைத்தது. இதுதான் வழக்கு. சாட்சி சொல்ல உங்களை அழைக்கக் காரணம் உண்டு: சிரித்தவர்களில் நீங்களும் இருந்தீர்கள்.

அந்த ஆலைக்கு ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் வரும். ஓட்டலின் மேசைத் துணிகள் வரும். கனவான்களின் வெள்ளைச் சட்டைகள் வரும். இரத்தமும் குழம்பும் வியர்வையும் ஒரே தொட்டியில் வெந்து, வெள்ளையாகி, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். அத்தனைக்கும் உயிர் பின்கட்டிலிருந்த பாய்லர். விடியுமுன் அதைப் பற்றவைக்க வேண்டும். ஊர் அடங்கும்வரை அணையவிடக் கூடாது. கரி அள்ள வேண்டும், சாம்பல் வார வேண்டும், ஆவியின் அழுத்தம் காட்டும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். இவ்வளவுக்கும் ஒரே ஆள். "பாய்லர் ஒண்ணு, ஆளும் ஒண்ணு" என்பது முதலாளியின் சட்டம். சம்பளம் ஒன்று, கரி படியாமலிருக்கத் தோல் ஏப்ரன் ஒன்று, குடியிருக்கப் பாய்லரின் சுவரையொட்டி அறை ஒன்று. முன்பு அந்த வேலையிலிருந்தவன் கரிக் குவியலின் மேலேயே சாய்ந்தான். அவனைத் தூக்கிப் போனார்கள். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். அடுத்த ஆள் தேவை என்று கதவில் அட்டை தொங்கியது.

அட்டையைப் பார்த்து வந்தவன் பெரியவன். மனைவியோடு வந்தான். முதல் வாரத்திலேயே அவனுக்குப் புரிந்துபோயிற்று, அது ஓர் உடம்பு செய்யக்கூடிய வேலையல்ல என்பது. முதலாளியிடம் போய் இன்னோர் ஆள் கேட்டான். "முடியலைன்னா சொல்லு, முடியிறவன் வாசல்ல நிக்கிறான்" என்று பதில் வந்தது. அதன்பிறகு அவன் கேட்கவில்லை. தன்னோடு ஒரே பிரசவத்தில் பிறந்த தம்பியை அழைத்துக்கொண்டான்.

விடியலிலிருந்து மதியம்வரை பெரியவன். மதியத்திலிருந்து கடைசிவரை சின்னவன். கரிக் குவியலின் மறைவில் ஏப்ரன் கைமாறும். இறங்கியவன் அறைக்குள் போய்ச் சுருண்டுகொள்வான். ஏறியவன் மண்வெட்டியை எடுப்பான். எட்டு வருடம் இப்படி ஓடியது. ஒரு சம்பளத்துக்கு இரண்டு உயிர்களைக் கரியோடு கரியாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த முதலாளி, தமக்கு ஓர் அதிசயப் பிறவி வாய்த்திருப்பதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். "எஞ்சின்" என்று அவனுக்குப் பெயரும் வைத்தார்.

ஒரே அச்சு என்பது உண்மைதான். ஆனால் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அல்ல. பெரியவனின் இடக் காது ஆவி பட்டு மேல்விளிம்பு சுருங்கிப் போயிருக்கும். சின்னவனின் முன்பல் பாதி உடைந்திருக்கும். இஸ்திரி மேசைப் பெண்கள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். காலையில் "காது வந்தாச்சு" என்பார்கள். மதியம் "பல்லு வந்தாச்சு, இனி பாட்டுக் கேக்கலாம்" என்பார்கள். மேஸ்திரிக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த ஆலையில் அது தெரியாதவர் ஒருவர்தான். அந்த ஆலை அவருடையது.

பிறகு பெரியவனுக்கு இருமல் வந்தது. கரியும் ஆவியும் மாறி மாறிக் குடித்த நெஞ்சு, அதிகாலைக் குளிரில் கிழிபடுவதுபோல் சத்தமிட்டது. நாடகச் சபையில் முதலாளியின் தோழரான டாக்டர் மருந்து கொடுத்தார், கொஞ்சம் தேறியது. ஆனால் முதலாளி பொறுக்கவில்லை. "உடம்பு சரியாச்சான்னு டாக்டர்கிட்டக் காட்டிட்டு வா. சரியாகலைன்னா ஏப்ரனைக் கழட்டி வச்சிடு" என்றார்.

அன்று டாக்டரிடம் போனவன் சின்னவன். அனுப்பியவள் பெரியவனின் மனைவி.

டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். அந்தச் சுருங்காத காது அவர் மூக்குக்கு நேரே இருந்தது. "அடடா, நெஞ்சு மத்தளம் மாதிரி இருக்கு! என் மருந்து அப்படி. இனி ஒரு சொட்டுக்கூட உனக்குத் தேவையில்லை" என்று முதுகில் தட்டி அனுப்பினார். அன்றோடு மருந்து நின்றது. வேலை மட்டும் நிலைத்தது.

சின்னவன் வந்து சொன்னபோது அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"ஒண்ணுமே வேணாம்னுட்டானா?"

"எனக்கு எதுக்கு அண்ணி? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"போடா. உன் அண்ணன் மூச்சைக் காப்பாத்த உன் மூச்சைக் காட்டிட்டு வரச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"விடுடி" என்றான் பெரியவன், படுத்தபடியே. "அறை இருக்கில்ல. வெளிய மழையில நின்னா மட்டும் இருமல் நின்னுடுமா?"

இந்த நிலையில்தான் கலை வந்து கதவைத் தட்டியது.

நகர மன்றத்தில் ஒரு நாடகச் சபை உண்டு. மாலையில் வேறு வேலையில்லாதவர்கள் முகத்தில் மாவு பூசிக்கொண்டு ஒருவரையொருவர் மேதை என்று அழைத்துக்கொள்ளும் இடம் அது. தலைவர் சலவை ஆலை முதலாளி. ஆதலால் கதாநாயகரும் அவரே. இயக்குநர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை அடித்தவருக்கு, ஓய்வுக்காலத்தில் அடியைப் பற்றி ஒரு தத்துவம் பிறந்திருந்தது: "நகைச்சுவையின் உயிர் அடியில் இருக்கிறது." சபையின் ஆண்டுவிழாவுக்கு, பல நாடுகளும் பல நூற்றாண்டுகளும் சிரித்துச் சலிக்காத ஒரு பழைய ஆள்மாறாட்ட நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வணிகன், அவனுக்கொரு வேலைக்காரன். சிறுவயதில் பிரிந்துபோன அவ்வேலைக்காரனின் இரட்டைப் பிறவி அதே ஊருக்கு வந்து சேர்கிறான். ஒருவனிடம் சொன்ன வேலையைச் செய்யவில்லையென்று மற்றவனுக்கு அடி விழுகிறது. கடைசியில் இருவரும் நேருக்கு நேர் நிற்க, வணிகன் உண்மையுணர்ந்து இருவரையும் தழுவ, திரை விழுகிறது.

இரண்டு வேலைக்காரர்களையும் ஒரே ஆள் நடிப்பது. கடைசிக் காட்சிக்கு மட்டும் தையல்கடைப் பொம்மைக்குச் சட்டை மாட்டி, முதுகு காட்டி நிறுத்துவது. இது இயக்குநரின் திட்டம். அடிபடவும் வேண்டும், ஓடவும் வேண்டும், யார் கிடைப்பான்? கனவான்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "என் எஞ்சினைத் தர்றேன்" என்றார் முதலாளி, தம் வண்டியை இரவல் தருபவரைப் போல.

அன்று அறையில் ரொட்டியும் வெங்காயமும் நடுவில் இருக்க, பேச்சு வட்டமிட்டது.

"நாடகமா? இங்க நடிக்கிறது போதாதாமா?" என்றாள் அவள்.

"ரெண்டு வேஷமும் நானே போடணுமாம். முதலாளி சொல்லிட்டாரு" என்றான் பெரியவன்.

"நீங்கன்னா யாரு?"

"எஞ்சின்."

"அதான், அது யாருன்னு கேக்கறேன்."

"அண்ணி, உயிரை வாங்காதீங்க. அது நாங்க ரெண்டு பேரும்தான்" என்றான் சின்னவன்.

"ரெண்டு பேரும் ஒருத்தனா நடிக்கறீங்க. அந்த ஒருத்தன் அங்க போய் ரெண்டு பேரா நடிக்கப் போறான். ஆக மொத்தம் எத்தனை பேருக்கு நான் ரொட்டி சுடணும்?"

பெரியவனுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. அவள் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். பிறகு சட்டம் போட்டாள்.

"அடி வாங்குற வேஷம் பல்லுக்கு. சும்மா வந்து முழிக்கிற வேஷம் இவருக்கு. மாத்தினீங்கன்னா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது."

"முழிக்கிறது அண்ணனுக்குப் பிறவியிலயே வரும்."

"ஒத்திகைக்கு நாங்க ரெண்டு பேரும் போயிட்டா, பாய்லரை யாரு பாத்துக்கறது?" என்று பெரியவன் கேட்பதற்குள் அவள் சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துப் பார்த்தாள். "கனம்தான். ஆனா உங்க ரெண்டு பேரையும் கட்டி மேய்க்கிறதைவிடவா?"

ஆக ஒரு வேலைக்கு மூன்றாவது உடம்பும் வந்து சேர்ந்தது.

ஒத்திகை தொடங்கியது. இடப்பக்கம் அடிபட்டு ஓடுபவன், வலப்பக்கமிருந்து சாவகாசமாக நடந்து வந்தான், மூச்சு இரைக்கவில்லை. மேடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் இருவர் ஒளிந்திருந்ததை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே சிலந்தி இருக்கும் என்பது கனவான்களின் பயம். "என்ன வேகம்! என்ன வேகம்!" என்று இயக்குநர் துள்ளினார். "நான் கொடுத்த பயிற்சி!" டாக்டரோ, "நான் தேற்றிய நெஞ்சு!" என்றார்.

நிதானமாகக் கேளுங்கள், இங்கேதான் அந்தப் பேரறிவாளர்களின் பேரறிவு வெளிப்பட்டது. மன்றத்தின் சன்னல் வழியே ஆலையின் புகைபோக்கி தெரியும். ஒவ்வொரு மாலையும் அது கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. முதலாளி வணிகன் வேடத்தில் சன்னலருகே நின்று, "அதோ பாருங்க, ஒரு நிமிஷம் நிக்காது என் ஆலை" என்று பெருமையடித்தார். எதிரே கைகட்டி நின்றவன் அந்த ஆலையின் ஒரே பாய்லர்காரன். அப்படியானால் கரி அள்ளிப் போடுவது யார்? பட்டம் பெற்றவர்கள் நிறைந்த அந்தக் கூட்டத்தில், ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. புகை தானே வரும், துணி தானே வெளுக்கும், சாப்பாடு தானே மேசைக்கு வரும் என்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வரும்?

காகித உருளையால் அடிக்கலாம் என்றார் இயக்குநர். முதலாளிக்குப் போதவில்லை. "சத்தம் வரணும்யா. கடைசி வரிசைக்குக் கேக்கணும்." பிரம்பு வந்தது. சின்னவன் முதுகில் வரிவரியாகத் தடித்ததை, பாய்லர் அணைந்த இரவுகளில் அண்ணி எண்ணெய் தடவி ஆற்றினாள்.

"வலிக்குதாடா?"

"முதலாளிக்குத்தான் பாவம், கை வலிக்குதாம். நடுவுல ரெண்டு தடவை ஓய்வெடுத்தாரு."

விழா நாள் மழையோடு விடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவசர விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. "இன்னைக்கு மட்டும் பாய்லரைச் சீக்கிரம் அணைச்சிடட்டுமா முதலாளி?" என்று பெரியவன் கேட்டான். "கலை வேற, தொழில் வேற" என்றார் முதலாளி. பல நாள் யோசித்துவைத்திருந்த வாக்கியம்போல் இருந்தது அது.

மன்றம் நிறைந்தது. நனைந்த குடைகள் வாசலில் குவிந்தன. முன்வரிசையில் நீங்கள் வெளுத்த சட்டையில் அமர்ந்தீர்கள். முதல் காட்சியில் சின்னவன் அடிபட்டான், சிரித்தீர்கள். இரண்டாம் காட்சியில் பெரியவன் முழித்தான், சிரித்தீர்கள். அதற்குள் சாமான் அறையின் பின்கதவு தட்டப்பட்டது. இஸ்திரிக்காரப் பெண் ஒருத்தி, தலையெல்லாம் மழை.

"பல்லு, ஓடி வா. முள்ளு சிவப்பைத் தாண்டிடுச்சு. வால்வு திரும்ப மாட்டேங்குது. உங்க அண்ணி ஒத்தையா தொங்கிட்டிருக்கா."

சின்னவன் வேடத்தோடே சந்தில் பாய்ந்தான். வால்வின் சக்கரத்தில் தொங்கிக்கொண்டிருந்த அண்ணியின் கைகள் கொப்பளித்திருந்தன. இருவரும் சேர்ந்து திருப்பினார்கள். ஆவி கூரை அதிர வெளியேறியது. அந்தச் சத்தம் மன்றத்துக்குக் கேட்டது. இடி என்று நினைத்தீர்கள். அந்த வால்வு திரும்பாதிருந்தால் சிரிப்பதற்கு உங்களுக்கு வாய் இருந்திருக்காது.

மேடையிலோ பெரிய அடிக் காட்சி வந்துவிட்டது. அடிபட வேண்டியவன் இல்லை. பெரியவன் சற்று நின்றான். பிறகு தானே போய் முதுகைக் கொடுத்தான்.

முதல் அடியிலேயே மூச்சு தடைப்பட்டது. இரண்டாவதில் இருமல் கிளம்பியது. முழங்காலில் விழுந்து, கை தரையில் ஊன்றி, நெஞ்சு பிளக்க இருமினான். அவையில் சிரிப்பு அலையலையாக எழுந்தது. "இருமறான் பாரு, தத்ரூபம்!" என்று ஒருவர் தொடையைத் தட்டினார். தத்ரூபந்தான் ஐயா. அந்த நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்தவர் திரையோரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். கைதட்டலில் மயங்கிய முதலாளி, நாடகத்தில் இல்லாத அடிகளையும் சேர்த்து அடித்தார்.

அப்போது வலப்பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். முகமெல்லாம் கரி, உடம்பெல்லாம் மழை. நடந்து வந்து, ஓங்கிய பிரம்பைக் கையோடு பற்றினான்.

"போதும், முதலாளி."

ஒரே முகம் இரண்டு: ஒன்று தரையில், ஒன்று எதிரே. மன்றம் வெடித்தது. நாற்காலிகள் மீதேறி நின்றார்கள். ஒரே ஆள் என்று நினைத்தோமே, என்ன ஏற்பாடு, என்ன சாதனை! இயக்குநர் மட்டும் பொம்மையைக் கட்டிப்பிடித்தபடி திரையோரத்தில் உறைந்து நின்றார். கைதட்டல் நிற்கவில்லை, முதலாளி ஏதாவது சொல்லியாக வேண்டும். மனப்பாடம் செய்திருந்த கடைசி வசனம்தான் நாவில் வந்தது. இருவர் தோளிலும் கை போட்டார்.

"இத்தனை நாளும் ஒருவன் என்று எண்ணி உங்களை வருத்தினேன். இனி என் வீட்டில் இருவருக்கும் இடம் உண்டு!"

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திரை விழுந்தது. பூச்செண்டு வந்தது.

மறுநாள் காலை முதலாளியின் அறையில் அந்த மூவரும் நின்றார்கள். டாக்டரும் வரவழைக்கப்பட்டிருந்தார். மேஸ்திரி கதவோரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு வருஷம்! என் கண்ணுலயே மண்ணைத் தூவியிருக்கீங்க. இதுல எவன்டா என் எஞ்சின்?"

முதலாளி மேசையைத் தட்டினார்.

"நான் வேலைக்கு வச்சவன் ஒருத்தன். அவன் இருக்கட்டும். ஏமாத்த வந்தவன் இப்பவே வெளிய போகட்டும். சொல்லுங்க, எவன்?"

"நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள். துணி சுற்றிய கைகளை மார்போடு வைத்திருந்தாள். "எட்டு வருஷமா பாக்கறீங்களே. நீங்க வச்ச ஆளை உங்களுக்குத் தெரியாதா?"

முதலாளி எழுந்து வந்து இருவரையும் பார்த்தார். அவர்களை அவர் பார்த்தது அதுவே முதல் முறை. காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், முன்பு இருந்தது எது, இல்லாதது எது என்று விளங்கவில்லை. டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் குழாயை எடுத்துப் பெரியவனின் நெஞ்சில் வைத்தார். அவர் முகம் வெளுத்தது.

"இவனுக்கு... இது அப்படியே இருக்கே. நான் குணப்படுத்தின நெஞ்சு..."

"அது அந்தப் பக்கம் இருக்கு டாக்டரய்யா" என்றாள் அவள். "வியாதியே இல்லாத நெஞ்சை நீங்க குணப்படுத்திட்டீங்க."

"இது வெளிய தெரியக் கூடாது" என்றார் டாக்டர், முதலாளியின் காதருகே. அந்த அறையில் அவருக்கு வந்த கவலை அது ஒன்றுதான்.

முதலாளி முடிவுக்கு வந்தார். விரலைச் சின்னவன் பக்கம் நீட்டினார். "நல்லா இருக்கறவன் நீ. நீ இரு. காலையிலேர்ந்து கடைசிவரைக்கும் நீயே பாத்துக்க. இவங்க ரெண்டு பேரும் அறையைக் காலி பண்ணட்டும். திருட்டுத்தனத்துக்குப் போலீசைக் கூப்பிடாம விடறேன், அதுவே பெரிசு."

"திருட்டா? என்னத்தைத் திருடினோம்?" அவள் குரல் உயரவில்லை. "ஒரு நாள் உங்க பாய்லர் அணைஞ்சிருக்கா? ஒரு துணி அழுக்கா போயிருக்கா? ஒருத்தன் சம்பளத்துக்கு ரெண்டு ஆளைக் குடுத்தோம். உங்க நாடகத்துக்காக மூணாவதா நானும் வந்தேன். இதுல திருடினது யாரு, பறிகுடுத்தது யாருன்னு நிதானமா உக்காந்து யோசிச்சுப் பாருங்க. நேத்து அத்தனை பேர் முன்னாடி ரெண்டு பேருக்கும் இடம் உண்டுன்னீங்களே?"

"அது வசனம்டி!"

"அடிச்சது மட்டும் நிஜமா?"

சின்னவன் ஏப்ரனைக் கழற்றினான். கரி உதிர்ந்தது. மேசைமேல், பூச்செண்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதை ஒத்தையாளு போட்டுக்கிட்டா செத்துடுவான், முதலாளி. எங்களுக்கு முன்னாடி போட்டவன் அப்படித்தான் செத்தான்."

மழையில் மூவரும் வெளியேறினார்கள். பெரியவன் இப்போது ஓர் இஸ்திரிக்காரப் பெண்ணின் வீட்டில், அவளுடைய சமையலடுப்புக்கு அருகில் படுத்திருக்கிறான். அந்தப் பெண்கள் பங்கு போட்டு வேறொரு மருத்துவரை அழைத்து வந்தார்கள். அவர் முதலில் அவன் காதைப் பார்த்தார், "இது எப்போ சுட்டது?" என்று கேட்டார். மருந்து மறுபடி தொடங்கியிருக்கிறது. சின்னவன் மூட்டை தூக்கப் போகிறான். அவள் கைகள் இன்னும் ஆறவில்லை.

ஆலைக் கதவில் மறுபடி அட்டை தொங்குகிறது: பாய்லருக்கு உழைப்பாளி ஒருவன் தேவை. ஒருவன்! மன்றத்தின் கதவிலோ அதைவிடப் பெரிய அட்டை: இரசிகர்களின் பேராவலுக்கிணங்க வரும் ஞாயிறு மாலை அதே நாடகம் மீண்டும். வேலைக்காரனாக இம்முறை ஒரு குமாஸ்தா. கடைசிக் காட்சிக்கு அந்தத் தையல்கடைப் பொம்மை.

மக்களே, உங்களிடம் கண்ணீர் கேட்கவில்லை. அதை அன்றே கைக்குட்டையில் துடைத்துச் சலவைக்கும் போட்டுவிட்டீர்கள். இரக்கம் கேட்கவில்லை. வேலை கேட்கிறேன். ஞாயிறன்று போங்கள். அதே நாற்காலியில் உட்காருங்கள். முதலாளி பிரம்பை ஓங்கும்போது சிரிக்காதீர்கள். ஒரு பல் தெரியக் கூடாது. பொம்மையைத் தூக்கி வந்து நிறுத்தி, அதன் மரத்தோளில் கை போட்டு, இருவருக்கும் இடம் உண்டு என்று அவர் வாய் திறக்கும்போது எழுந்து நில்லுங்கள். முன்வரிசை முதலில் எழட்டும். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, சன்னலைத் தாண்டிப் பாய்லர்வரை கேட்கும்படிக் கேளுங்கள்:

"இன்னொருத்தன் எங்கே?"

பதில் வரும்வரை உட்காராதீர்கள்.